சனிக்கிழமைச் சந்தை முதல் வெள்ளிக்கிழமை இரவு வரை: ஒரு வாரச் சமையலைத் திட்டமிடும் முறை

மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி, பையைக் கீழே வைப்பதற்குள் "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்வி வந்து நிற்கும். அடுப்பின் முன் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறோம். எதைச் சமைப்பது, அதற்கு வீட்டில் என்ன இருக்கிறது, நாளைக் காலைக்கு மாவு போதுமா என்று நாள் முழுவதும் மனத்துக்குள் ஓடும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை ஒரே ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு முறை, அரை மணி நேரம் உட்கார்ந்து அதைத் தாளில் இறக்கி வைத்துவிட்டால், அதை வீட்டில் இருக்கும் எல்லோரும் பார்க்கலாம், எல்லோரும் செய்யலாம். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இருக்கும் முதல் காரணம் அதுதான். செலவு குறைவதும், காய்கறி அழுகாமல் இருப்பதும் அதன் பின்னால் தாமாகவே வந்து சேர்ந்த நன்மைகள்.

எங்கள் வீடு மதுரையில் இருக்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். எங்களோடு அத்தை, அதாவது என் மாமியார், இருக்கிறார். நாள்தோறும் நான்கு சாப்பாட்டு டப்பாக்கள் வீட்டை விட்டு வெளியே போகின்றன. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த ஐந்து பேருக்கானவை. உங்கள் வீட்டின் தலைக்கணக்கைப் பார்த்து அவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். முறை மட்டும் மூன்று பேருக்கும் எட்டுப் பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் நாள்காட்டி, பிறகு சமையல்

திட்டம் போட உட்காரும்போது பலரும் முதலில் பதார்த்தங்களின் பெயரை எழுதத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மூன்று வாரங்களில் கைவிட்டேன். எழுத வேண்டிய முதல் விவரம் அந்த வாரத்தின் ஏழு நாட்களும் எப்படிப்பட்டவை என்பது. தினசரி நாள்காட்டியின் தாள்களைப் புரட்டி, அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை, பிரதோஷம் எந்தெந்த நாளில் வருகின்றன, யார் விரதம் இருக்கிறார்கள், யாருக்கு வெங்காயம் பூண்டு ஆகாத நாள் எது, பள்ளி விடுமுறை உண்டா, கல்யாண வீட்டுச் சாப்பாடு எந்த வேளைக்கு இருக்கிறது, ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அமாவாசையன்று வாழைக்காயும் பூசணியும் வேண்டும் என்பது அன்று காலையில் நினைவுக்கு வந்தால், தெருமுனைக் கடையில் அவர்கள் சொல்வதுதான் விலை.

அடுத்து, வேளைகளை எண்ண வேண்டும். வாரத்துக்கு 21 வேளை என்று தோன்றும். உண்மையில் நாம் சமைக்க வேண்டியவை அதைவிடக் குறைவு. எங்கள் வீட்டில் காலையில் வைக்கும் சாம்பாரோ குழம்போதான் மதியத்துக்கும் போகிறது. இரவு பெரும்பாலும் மாவு, அல்லது சப்பாத்தி. இரண்டு இரவுகளில் மதியம் மிஞ்சியதை வைத்தே ஓட்டுகிறோம். ஆகவே தனியாக யோசிக்க வேண்டியவை ஏழு குழம்பு, ஏழு கறி அல்லது கூட்டு, ஏழு காலைப் பலகாரம், ஐந்து இரவுப் பலகாரம், அவ்வளவுதான். தாளில் எழுதிப் பார்த்தால் மலைப்பு நீங்கிவிடும்.

மூன்றாவது, வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்பது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டையும் மளிகை அலமாரியையும் திறந்து, உடனே தீர்க்க வேண்டியவை எவை என்று தாளின் மேல்மூலையில் எழுதிவிடுங்கள். பாதி வெட்டிய பரங்கிக்காய், ஒரு கைப்பிடி மொச்சை, அடியில் கிடக்கும் சேமியா என்று எதுவாயினும், வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் அவற்றுக்கு இடம் கொடுத்த பிறகே புதிதாக எதையும் எழுத வேண்டும்.

மாவே வாரத்தின் முதுகெலும்பு

தமிழ் வீட்டின் வாரம் மாவைச் சுற்றித்தான் சுழல்கிறது. மாவு அரைக்கும் நாளை முதலில் நிலைநிறுத்திவிட்டால் பாதித் திட்டம் முடிந்துவிடும். நாங்கள் வாரத்துக்கு இரண்டு முறை, சனிக்கிழமை மாலையிலும் புதன்கிழமை மாலையிலும், அரைக்கிறோம். ஒவ்வொரு முறையும் நான்கு உழக்கு இட்லி அரிசி, ஒரு உழக்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். எங்கள் உழக்கு ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். பழைய உளுந்தாக இருந்தால் கால் உழக்குக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். உளுந்து மாவு உப்பி வருவதைப் பார்த்து அத்தை முடிவு செய்வார்.

சனிக்கிழமை இரவு கரைத்து வைத்த மாவு ஞாயிறு காலை இட்லி. அன்று எங்கள் வீட்டில் கறிக்குழம்பு உண்டு என்பதால் இட்லிக்குத் தனியே சட்னி வேண்டியதில்லை. திங்கள் காலையும் இட்லி, தேங்காய்ச் சட்னி. செவ்வாய்க்குள் மாவு சற்றுப் புளித்துவிடும். அது தோசைக்கு ஏற்றது. புதன் காலை வெண்பொங்கலோ ரவா உப்புமாவோ செய்துவிட்டு, அன்று மாலை அடுத்த மாவு. வியாழன் இட்லி, வெள்ளி தோசை, சனி காலை மிச்ச மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துப் போட்டுப் பணியாரம். இந்த வரிசையில் மாவின் புளிப்பு ஏற ஏற அதற்குப் பொருத்தமான பலகாரம் வந்துகொண்டே இருப்பதைக் கவனிக்கலாம்.

கோடையில் மதுரை வெயிலுக்கு மாவு ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும்; மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. கோடையில் அரைத்த மாவு முழுவதையும் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். ஆகவே மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே புளிக்க விட்டு, மற்றதை அரைத்த உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவு அதை எடுத்து வெளியே வைத்தால், மறுநாள் புது மாவு போலவே இருக்கும்.

எது முதலில் வாடுமோ அதை முதலில் சமையுங்கள்

காய்கறியைத் திட்டமிடுவதில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விதியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது, நமக்கு எளிதானது என்பவற்றைக் காட்டிலும், காய் வாடும் வரிசையே சமைக்கும் வரிசையாக அமைய வேண்டும். முன்பு ஒரு முறை வெண்டைக்காய் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு கிலோ வாங்கிவந்து, வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன். புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது பாதி கறுத்துக் கொழகொழத்துப் போயிருந்தது. அவ்வளவு உழைத்து விளைவித்துக் கொண்டுவந்த ஒருவரிடமிருந்து வாங்கிய காயைக் குப்பையில் போட்ட அந்தக் காலை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கீரைக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. அதனால் சந்தை நாளான சனிக்கிழமையிலேயே கீரைக் கடையலோ பொரியலோ செய்துவிட வேண்டும். வெண்டைக்காய், புடலங்காய், பிஞ்சுக் கத்தரிக்காய் ஆகியவை மூன்று நாளுக்குள் தீர வேண்டியவை. அவற்றை ஞாயிறு முதல் செவ்வாய் வரை வைக்கலாம். அவரைக்காய், பீன்ஸ், கொத்தவரங்காய், பாகற்காய், முருங்கைக்காய் ஆகியவை நான்கைந்து நாள் தாங்கும். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ ஆகியவை வாரம் முழுவதும் இருக்கும். சேனைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வெட்டாத பூசணி, பரங்கி ஆகியவற்றுக்கு அவசரமே இல்லை. வாழைக்காய் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. வாங்கும்போதே விறைப்பாகவும் பச்சையாகவும் இருந்தால் வெள்ளி வரை நிற்கும், இல்லையென்றால் புதன்கிழமையே பழுக்கத் தொடங்கும்.

இதன்படி எங்கள் வீட்டில் ஒரு சாதாரண வாரம் இவ்வாறு போகும். சனிக்கிழமை அரைக்கீரைக் கடையல், மிளகு ரசம், அப்பளம். ஞாயிறு முக்கால் கிலோ ஆட்டுக்கறி அல்லது மீன். கூடவே சிறிது வெள்ளரிக்காய், வெங்காயப் பச்சடி. திங்கள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல். பிள்ளைகளின் டப்பாவுக்கு மட்டும் குழம்பைச் சாதத்தில் பிசைந்து நெய் விட்டு வைப்போம். செவ்வாய் முருங்கைக்காய்ச் சாம்பார், புடலங்காய்க் கூட்டு. புதன் தக்காளிச் சாதம், முட்டை. வாரத்தின் நடுநாள் என்பதால் வேண்டுமென்றே எளிதாக வைத்திருக்கிறோம். வியாழன் பாசிப்பருப்பும் முட்டைக்கோஸும் போட்ட கூட்டு, ரசம், பீன்ஸ் பொரியல். வெள்ளி சேனைக்கிழங்கு வறுவல், சுண்டைக்காய் வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். வெள்ளிக்கிழமைக்குள் பச்சைக்காய் தீர்ந்துவிட்டாலும் வற்றலும் கிழங்கும் கைகொடுக்கும் என்பதால்தான் வாரக் கடைசியில் அவற்றுக்கு இடம்.

ஒரே வாரத்தில் தொடர்ந்து இரண்டு நாள் புளி வைத்த குழம்பு வராமலும், தேங்காய் அரைத்த பதார்த்தம் ஒரே நாளில் இரண்டு வராமலும் பார்த்துக்கொண்டால் சலிப்பு வராது. பிள்ளைகளிடம் "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் எப்போதும் பிரியாணிதான். "செவ்வாய்க்கிழமை புடலங்காய்க் கூட்டா, பொரியலா?" என்று கேளுங்கள், தெளிவான பதில் வரும், தாங்களே தேர்ந்தெடுத்ததால் டப்பாவும் காலியாக வரும்.

எவ்வளவு வாங்குவது

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்து 85 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று ஒரு தட்டின் கணக்கைத் தந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை எங்கள் வீட்டுக் கொள்முதலோடு ஒப்பிட்டுப் பார்த்த நாளில் எனக்குச் சில உண்மைகள் தெரிந்தன.

ஐந்து பேருக்கு ஏழு நாள் என்றால் காய்கறி 14 கிலோ. சிறுவனும் முதியவரும் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று கழித்தாலும் 11, 12 கிலோவாவது வேண்டும். நாங்கள் வெங்காயம் தக்காளி சேர்த்து ஏழு கிலோதான் வாங்கிக்கொண்டிருந்தோம். சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருந்ததற்கு அதுவே சாட்சி. பருப்பிலும் இதே குறை. வாரத்துக்கு ஐந்து பேருக்கு ஏறத்தாழ மூன்று கிலோ என்று வருகிறது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் போடும் துவரம்பருப்பு, இட்லி உளுந்து எல்லாம் கூட்டினாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டவில்லை. முட்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் கொஞ்சம் ஈடு செய்தன; மீதியை ஈடு செய்யப் பயறுகளைத்தான் நாடினோம். இப்போது செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று மாலைகளில் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மாறி மாறிச் சுண்டல் செய்கிறோம். மாலையில் பஜ்ஜிக்கும் பிஸ்கட்டுக்கும் போன பணம் இதில் மிஞ்சுகிறது. எண்ணெய்க் கணக்கு நேர்மாறாக இருந்தது: 27 கிராம் வீதம் ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்கு நாலரை லிட்டர் வரும், நாங்கள் ஆறு லிட்டர் செலவழித்துக்கொண்டிருந்தோம். மாதத் தொடக்கத்தில் நாலரை லிட்டருக்கு மேல் வாங்காமல் இருப்பதே அதைக் குறைக்கும் வழியாக எங்களுக்கு அமைந்தது.

பொரியலுக்கு ஐந்து பேருக்கு முக்கால் கிலோ காய் எடுத்தால் போதுமானதாக இருக்கும். சுருங்கும் காய்களான வெண்டைக்காய்க்கும் முட்டைக்கோஸுக்கும் அதற்குச் சற்று மேலே போக வேண்டும். சாம்பாருக்கும் குழம்புக்கும் அரைக் கிலோ. தக்காளி இரண்டு கிலோ, பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம் முக்கால் கிலோ, தேங்காய் நான்கு. இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றைச் சீட்டில் எழுத மறந்துபோவோம் என்பதால் அவற்றை நிரந்தரமாகச் சீட்டின் அடியில் எழுதி வைத்து, தேவையில்லாத வாரங்களில் மட்டும் அடித்துவிடுகிறோம்.

சீட்டு எழுதும் முறை

எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதினால் கடையில் நின்று மேலும் கீழும் தேட வேண்டியிருக்கும். கடைவாரியாகப் பிரித்து எழுதுங்கள்: சந்தைக்கு ஒரு பகுதி, மளிகைக்கு ஒரு பகுதி, பால், முட்டை, கறிக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு காயின் பக்கத்திலும் அது எந்த நாளுக்கு என்பதை ஓர் எழுத்தில் குறித்துக்கொள்வது மிகவும் பயன்படும். சந்தையில் புடலங்காய் நன்றாக இல்லை, பக்கத்தில் பீர்க்கங்காய் பிஞ்சாக இருக்கிறது என்றால், செவ்வாய்க் கூட்டுக்கு அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த ஓர் எழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். திட்டம் இருக்க வேண்டும், ஆனால் சந்தையில் நல்ல காய்க்கு முன் அது விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று பதார்த்தங்களுக்கு மேல் மாறினால் மட்டும் வீட்டுக்கு வந்து தாளைத் திருத்திவிடுங்கள்.

சந்தையில்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கும் இடம் அது. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அதை நிர்ணயிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் உழவர் சந்தை இருந்தால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஏழு மணிக்கு இருக்கும் காயும் ஒன்பது மணிக்கு இருக்கும் காயும் ஒன்றல்ல.

நுழைந்தவுடன் வாங்கத் தொடங்காமல், முதலில் விலைப் பலகையைப் படித்து, பிறகு வெறும் கையோடு ஒரு சுற்று வர வேண்டும். எந்தக் காய் அன்று குவிந்து கிடக்கிறதோ அதுவே அந்தப் பருவத்தின் காய்; விலையும் குறைவாக இருக்கும். முருங்கைக்காய் பங்குனி, சித்திரையில் மலிந்து கிடக்கும். மார்கழியில் அதன் விலையைக் கேட்டால் சாம்பாரை வேறு காய்க்கு மாற்றிவிடத் தோன்றும். தை மாதம் பச்சை மொச்சையும் அவரையும் வரும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் கீரையும் ஏறும், அழுகலும் அதிகம். அந்த வாரங்களில் தக்காளி இல்லாமல் செய்யக்கூடிய மோர்க்குழம்பு, மிளகுக்குழம்பு, பருப்புத் துவையல் ஆகியவற்றைத் திட்டத்தில் கூட்டிவிட வேண்டும். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய நாளில் தேங்காய், வாழைக்காய், கத்தரிக்காய் விலைகள் தூக்கலாக இருக்கும் என்பதால், நாள்காட்டியைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்த இரண்டு மாதமும் ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரத்துக் குறைந்து, மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். நாட்டுப்படகு மீனும் கண்மாய் மீனும் கிடைக்கும். கருவாட்டுக் குழம்புக்கும் முட்டைக் குழம்புக்கும் அதுவே நல்ல காலம். புரட்டாசியில் புலால் உண்ணாத வீடுகள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று காளான், பலாக்கொட்டை, மீல்மேக்கர் என்று தனியாக யோசித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு வேளைதான் வாரம் முழுவதையும் குழப்பும்.

வாங்கும் வரிசையிலும் கவனம் தேவை. கிழங்கு, பூசணி, வெங்காயம் முதலில் பையின் அடியில். தக்காளியும் கீரையும் கடைசியில் மேலே. தக்காளியில் பாதியைச் செங்காயாக வாங்குங்கள். முதல் மூன்று நாளுக்குப் பழுத்தவை, மிச்ச நாளுக்குச் செங்காய்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம்

காய்கறிப் பையை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டால் சந்தையில் காட்டிய அக்கறை எல்லாம் வீணாகும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை ஐந்து பேருமே கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். கணவர் சின்ன வெங்காயத்தை உரிப்பார். மகள் பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளுவாள், கறிவேப்பிலையை உருவி ஈரம் போகத் துணியில் பரப்புவாள். அத்தை கீரையை ஆய்வார். சிறியவன் முருங்கைக்காயை டப்பாவின் நீளத்துக்கு ஏற்ப அளந்து காட்ட, நான் நறுக்குவேன்.

வெண்டைக்காயைக் கழுவாமல், ஈரமிருந்தால் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கொத்தமல்லியின் வேரை நறுக்கிவிட்டு, துணியில் சுருட்டி மூடிய டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் பசுமை மாறாது. செய்தித்தாளில் சுற்றுவது பழக்கமாக இருந்தாலும், அச்சு மை உணவில் படுவது நல்லதல்ல என்பதால் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொள்வதே மேல். கேரட்டிலும் பீட்ரூட்டிலும் இலைக்கொத்து இருந்தால் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடக் கூடாது. இரண்டும் வெளியே, காற்றோட்டமாக, தனித்தனியாக இருக்க வேண்டும். தேங்காய் ஒன்றைத் துருவி உறைபெட்டியில் வைத்துவிட்டால், திங்கள் காலை சட்னிக்குத் துருவும் வேலை இல்லை.

இவற்றோடு, அவசரத்துக்கு மூன்று பண்டங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி. யாருக்காவது காய்ச்சல் வந்த நாளிலோ, வேலையிலிருந்து திரும்ப ஒன்பது மணியான நாளிலோ, வாரத் திட்டம் தானாகவே நொறுங்கும். அன்று சோறு மட்டும் வடித்தால் போதும் என்ற நிலை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நாளில்தான் உணர்வோம். தவறிய அன்றைய சமையலை மறுநாளுக்குத் தள்ளி, வெள்ளிக்கிழமைக் கிழங்கை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடலாம், அது கெட்டுப்போகாது.

மாத மளிகை

வாரத் திட்டம் ஓடத் தொடங்கி இரண்டு மாதமானால் மாத மளிகைக் கணக்கு தானாகவே துல்லியமாகிவிடும். எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு அரிசி 15 கிலோ, இட்லி அரிசி 7 கிலோ, உளுந்து 2 கிலோ, துவரம்பருப்பு மூன்றரைக் கிலோ. மளிகைக் கடைக்குப் போவதற்கு முன் ரேஷன் கடையில் அந்த மாதச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அரிசி அட்டைக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது, அதைக் கழித்த மிச்சத்தை மட்டும் வெளியே வாங்கினால் போதும். பெரிய கடைகளில் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று வைத்திருக்கும் பொருள் உங்கள் சீட்டில் இருந்தால் வாங்குங்கள். சீட்டில் இல்லையென்றால் அது கூடுதல் செலவுதான். ரவையையும் சேமியாவையும் லேசாக வறுத்து ஆறவைத்தும், துவரம்பருப்பில் நான்கு காய்ந்த மிளகாய் போட்டும், அரிசியில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இட்டும் வைத்தால் வண்டு அண்டாது. புதிய சரக்கைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். டப்பாவைக் காலி செய்து துடைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போட வேண்டும்.

மிஞ்சிய சோறு, மிஞ்சிய குழம்பு

மிச்சத்தையும் திட்டத்தில் சேர்த்துவிட்டால் அது மிச்சமாக இருக்காது. செவ்வாய்ச் சாம்பாரைக் கொஞ்சம் கூட்டியே வைத்து அன்றிரவு தோசைக்கு வைத்துக்கொள்கிறோம். புளிக்குழம்பு மறுநாள் சுண்ட வைத்தால் இன்னும் ருசி. சோற்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வடித்த சோறு வெளியே பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறியவுடன், இரண்டு மணி நேரத்துக்குள், மூடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாளே எலுமிச்சைச் சாதமாகவோ தயிர்ச் சாதமாகவோ தீர்த்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, காய்கறித் தட்டை வெளியே எடுத்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறோம். பெரும்பாலும் இரண்டு கேரட், பாதிக் கோஸ், ஒரு சௌசௌ இருக்கும். அவை சனிக்கிழமை மதியத்துக்குக் கீரையோடு சேர்ந்து கூட்டாகிவிடும். அந்த வாரச் சீட்டின் பின்பக்கத்தில் எது மிஞ்சியது, எது போதாமல் போனது என்று ஒரு வரி எழுதுகிறேன். "பீன்ஸ் கால் கிலோ அதிகம், கொத்தமல்லி வியாழனே தீர்ந்தது" என்ற அளவில் இருந்தால் போதும். பிறகு தட்டைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, நாள்காட்டியை எடுத்துக்கொண்டு அத்தையும் கணவரும் நானும் அடுத்த ஏழு நாளை எழுத உட்காருகிறோம். காலை ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் யாராக இருந்தாலும், சீட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.